7. சுடுநீர்த் தொட்டி: நிரப்புவதும் தெளிவாக வைத்திருப்பதும்

உத்திரமேரூர்ப் பக்கம் குளிக்கும் தொட்டி என்றால் பம்புசெட்டுத் தொட்டிதான். மோட்டாரைப் போட்டதும் ஒரு பக்கம் தண்ணீர் கொட்டும். மறுபக்கம் வாய்க்கால் வழியாக நெல்லுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நாலு பேர் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் தொட்டி பழையபடி தெளிந்துவிடும். அதற்கு யாரும் மருந்து போடுவதில்லை, போடவும் தேவையில்லை. தண்ணீர் அங்கே நிற்பதில்லை, அவ்வளவுதான்.

பண்ணை வீட்டில் அக்ரிலிக் சுடுநீர்த் தொட்டி வைப்பவர்கள் பலரும் இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டே அதையும் நடத்துகிறார்கள். ஆனால் இதன் கதையே வேறு. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. அதுவும் வெதுவெதுப்பாக நிற்கிறது. அதே தண்ணீரைத்தான் பம்பு சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. உள்ளே போன வியர்வை, எண்ணெய், சோப்பு, தூசு எதுவும் தானாக வெளியே போகாது. நீங்கள் வடிகட்டியில் பிடித்தால் உண்டு, குளோரினால் எரித்தால் உண்டு, இல்லையென்றால் தண்ணீரையே மாற்ற வேண்டும்.

நின்ற நீருக்குப் பொறுப்பாக ஆள் வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிய விஷயமல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைக்காகப் புகழ்பெற்றவை. அந்தக் குடவோலையில் எடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி எந்த வாரியத்துக்கும் வர முடியாது; அவருடைய உறவினர்க்கும் அதே தடை. ஏரிக்குச் சொன்னது உங்கள் வீட்டுத் தொட்டிக்கும் பொருந்தும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தொட்டிக்கு அருகில் வையுங்கள். என்றைக்கு நிரப்பியது, என்ன போட்டது, சோதனையில் என்ன வந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். தண்ணீர் கலங்கிய அன்று உங்களைக் காப்பாற்றப்போவது அந்த நோட்டுதான்.

இனி வரும் கணக்குகள் எல்லாம் 1200 லிட்டர் தொட்டிக்கு. உங்களுடையது பெரிதென்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது

தரையில், கான்கிரீட் தளத்தின் மேல். தண்ணீர் மட்டுமே 1.2 டன். தொட்டியும் ஆட்களும் சேர்ந்தால் இன்னும் அரை டன் ஏறும். பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியில் இதை வைக்கவே கூடாது. புது மாடியானாலும் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான். வேப்பமரம், புளியமரத்துக்கு அடியில் நிழல் நன்றாக இருக்கும், ஆனால் சித்திரையில் வேப்பம்பூ முழுவதும் தொட்டியில்தான் விழும்.

மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் ஒழுங்கான எர்த்தும் கட்டாயம். விவசாய இலவச இணைப்பிலிருந்து ஹீட்டருக்கு ஒயர் இழுக்காதீர்கள். அது பயிருக்குக் கொடுத்தது. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அபராதம் உண்டு, செய்வதும் நியாயமில்லை.

எந்தத் தண்ணீர்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் முதல் நாள் ஊற்றிய தண்ணீரிலிருந்தே வருகின்றன.

இந்த வட்டாரத்தில் ஒரே ஊரிலேயே தண்ணீர் இரண்டு மூன்று விதமாக இருக்கும். ஏரிக்குக் கீழே இருக்கும் திறந்த கிணற்றில் மழைக்குப் பிறகு தண்ணீர் சுவையாக இருக்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பாறையைத் துளைத்து இறக்கிய போர்வெல்லில் பருப்பு வேகாது, துணிக்குச் சோப்பு நுரைக்காது. அதுதான் கடினத்தன்மை, கால்சியமும் மக்னீசியமும் கரைந்த உப்பு. பாத்ரூம் குழாயில் வெள்ளைப் படிவாக நீங்கள் பார்ப்பதும் அதுவே. சூடு ஏற ஏற அது கரைந்து நிற்காமல் வெளியே வரும். முதலில் ஹீட்டர் சுருளில் ஏடாகக் கட்டும், பிறகு தண்ணீரையே பால் கலந்ததுபோல் ஆக்கும்.

கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் இதைச் சொல்லாது. அது மொத்த உப்பைத்தான் காட்டும். மீன் தொட்டிக் கடைகளில் சொட்டு மருந்தோடு கிடைக்கும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி போதும். முழு விவரம் வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு சுத்தமான கேனை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிரம்பப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து பிடித்தால் தொட்டியின் கதைதான் வரும், போர்வெல்லின் கதை வராது.

சுடுநீர்த் தொட்டிக்குக் கடினத்தன்மை லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. போர்வெல் 600 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் உடனே ஆர்.ஓ. கேன் வாங்கக் கிளம்புவார்கள். அதற்கு முன் மாடியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் ஆணை வந்தது. உங்கள் வீட்டிலும் குழாய் இறங்கியிருக்கும். மழைநீரில் கடினத்தன்மை அநேகமாக இல்லை. 20 என்றே வைத்தாலும், 800 லிட்டர் மழைநீரோடு 400 லிட்டர் போர்வெல் தண்ணீரைக் கலந்தால் 213 வந்துவிடும். வெறும் மழைநீரை மட்டும் நிரப்புவதும் சரியல்ல, உப்பே இல்லாத தண்ணீர் உலோகப் பாகங்களை அரிக்கும். இரண்டும் கலந்ததே மேல். மிளகாயும் வடகமும் காயவைக்கும் மாடி என்றால் ஐப்பசிக்கு முன் நன்றாகக் கழுவிவிட்டு, முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு சம்பில் பிடியுங்கள். சம்பு புதிதாகக் கட்டியது என்றால் சிமெண்டுச் சாரம் இறங்கிப் பி.எச். ஏறும், இரண்டு மூன்று முறை நிரப்பி இறைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

அடுத்தது இரும்பு. இதற்கு ஆய்வகம் வேண்டாம். வெள்ளை பிளாஸ்டிக் வாளி ஒன்றில் போர்வெல் தண்ணீரைப் பிடியுங்கள். பிடித்தவுடன் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் அடியில் பழுப்பாக, செங்கல் தூள் கரைத்ததுபோல் ஏதாவது படிந்திருந்தால் அது இரும்பு; கறுப்பாக இருந்தால் மாங்கனீசு. இந்தத் தண்ணீரை நேரே தொட்டியில் ஊற்றிக் குளோரின் போட்டால் கண்ணெதிரே டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறும். புதுத் தொட்டி வாங்கியவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது பெரும்பாலும் அன்றைக்குத்தான். தொட்டியில் தவறில்லை. வாளியில் செய்ததையே சம்பில் செய்யுங்கள்: குழாயை உயரத்தில் கட்டி ஷவர்போல் சிதறி விழ விடுங்கள், அளவாகக் குளோரின் போடுங்கள், ஒரு நாள் அசையாமல் விடுங்கள், மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள், அடி வண்டலைத் தொடாதீர்கள்.

ஏரி வாய்க்காலிலிருந்தோ லாரியிலிருந்தோ கலங்கல் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால் படிகாரம் போட்டுத் தெளியவைப்பதும் சம்போடு நிற்க வேண்டும். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து ஊற்றுத் தண்ணீரைத் தெளியவைத்த தலைமுறை நம்முடையது. மண் அடியில் இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் கிருமி சாகாது. தெளிவு வேறு, சுத்தம் வேறு. “கண்ணாடி மாதிரி இருக்கே சார்” என்று யார் சொன்னாலும் குளோரின் அளவைக் காட்டும் சோதனைப் பட்டை சொல்வதையே நம்புங்கள்.

நிரப்பும் நாள்

பழைய தண்ணீர் இருந்தால் இறக்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. குழாய்களின் உள்சுவரில் வழவழவென்று பாசிபோல் ஒரு படலம் ஒட்டியிருக்கும். தொட்டியைத் தேய்த்தால் அது போகாது. குளோரினை 10 பி.பி.எம். அளவுக்கு மேல் ஏற்றி எல்லாப் பம்புகளையும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக மிதந்து வருவதைப் பார்க்கும்போது இத்தனை நாள் எதில் உட்கார்ந்திருந்தோம் என்பது புரியும். பிறகு வடித்து, மெத்தென்ற துணியால் துடைத்துவிடுங்கள். துணிப் பவுடர், பாத்திர சோப்பு எதுவும் கூடாது. துளி மிச்சமிருந்தாலும் நுரை தள்ளும்.

தண்ணீர் நிரம்பும் வரை மெயின் அணைந்தே இருக்கட்டும். காய்ந்த ஹீட்டருக்குக் கரண்ட் போனால் சுருள் எரிந்துவிடும். வெயிலில் கிடந்த ஹோஸில் நிற்கும் தண்ணீரை முதலில் செடிக்கு விட்டுவிடுங்கள். ஹோஸின் முனையைத் தொட்டியின் நடுவில் போடாமல், வடிகட்டி இருக்கும் குழிக்குள் இறக்குங்கள். தண்ணீர் பம்பு வழியாக ஏறி வரும்போது உள்ளே காற்று அடைத்துக்கொள்ளாது.

நிரம்பியதும் பம்பை ஓடவிட்டு, வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் காரத்தன்மை: 80 முதல் 120 பி.பி.எம். குறைவாக இருந்தால் ஆப்பசோடா 20 கிராம் போட்டால் 10 ஏறும். நம் போர்வெல் தண்ணீரில் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும், குறைக்கத்தான் வேண்டியிருக்கும். அடுத்து பி.எச்.: 7.2 முதல் 7.6. இதை இறக்க நீச்சல்குளக் கடையில் விற்கும் சோடியம் பைசல்பேட்டைக் கரைத்து ஊற்றுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், அதில் நிறமும் சவர்க்காரமும் கலந்திருக்கும். குமிழி விடும் ஜெட்டுகள் தண்ணீரிலிருந்து கார்பன் டையாக்சைடை விரட்டுவதால் பி.எச். நாளுக்கு நாள் தானாக ஏறும். ஆகவே இது ஒரு நாள் வேலை அல்ல.

கடைசியில் குளோரின். பி.எச்.ஐச் சரிசெய்யாமல் குளோரின் போடுவது வீண். 7.5இல் பாதிக் குளோரின் வீரியத்தோடு வேலை செய்யும். 8ஐத் தாண்டினால் கால்வாசிகூடச் செய்யாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சுடுநீர்த் தொட்டிக்குச் சொல்லும் குறைந்த அளவு 3 பி.பி.எம். அதற்கு 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 36 மில்லி போதும். கடைகளில் “ஹைப்போ” என்று கேட்டால் தருவார்கள். வாசனை சேர்த்த வீட்டுத் திரவத்தை வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் ஹைப்போவின் வீரியம் சீக்கிரம் இறங்கிவிடும். சின்ன கேனாக, புதுத் தேதி பார்த்து வாங்கி நிழலில் வையுங்கள். பஞ்சாயத்துத் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் மலிவுதான், ஆனால் அதில் சுண்ணாம்பு நிறைய. ஏற்கெனவே உப்பான தண்ணீரில் மேலும் சுண்ணாம்பு சேர்ப்பானேன்? டைகுளோர் குருணை வசதியானது, 3 பி.பி.எம்.முக்குச் சுமார் ஆறரை கிராம். ஆனால் அது போடப்போட சயனூரிக் அமிலம் தண்ணீரில் சேர்ந்து குளோரினின் வேகத்தைக் குறைக்கும். எப்போதாவது போடலாம், எப்போதும் வேண்டாம்.

ஆசிடையும் குளோரினையும் ஒரே வாளியில், ஒரே குவளையில், ஒரே அலமாரியில் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வரும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

சூடு

40 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. நம் ஊருக்கு 37, 38 தாராளம். 28 டிகிரித் தண்ணீரை 38க்குக் கொண்டுவர 14 யூனிட் செலவாகும். 3 கிலோவாட் ஹீட்டர் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் இருந்து அதில் 60 டிகிரித் தண்ணீர் கிடைத்தால், கடைசி 200 லிட்டரை அதிலிருந்து விடுங்கள். ஐந்து டிகிரி இலவசமாக ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் ஹீட்டரே வேண்டாம். இந்தத் தொட்டியின் காலம் கார்த்திகை முதல் மாசி வரைதான். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை இறக்காதீர்கள். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்கட்டும்.

யார், எப்படி இறங்குவது

எண்ணெய்க் குளியல் எடுக்கும் நாளில் இந்தத் தொட்டி விடுமுறையில் இருக்கட்டும். தலையில் வைத்த நல்லெண்ணெயில் ஒரு கரண்டி தண்ணீரில் இறங்கினால் போதும், குளோரின் முழுவதும் அதை எரிப்பதிலேயே தீர்ந்துவிடும், வடிகட்டி பிசுபிசுத்துப் போகும், விளிம்பைச் சுற்றி மஞ்சள் கோடு விழும். சீயக்காய்த் தூளும் முகத்து மஞ்சளும் அப்படியே. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லிவிடுங்கள். “மாமா, பம்புசெட்டுல தலைக்குக் குளிச்சிட்டு வந்துருங்க, அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருங்க” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லுங்கி, நைட்டியோடு இறங்குவதும் தவிர்க்க வேண்டியது. பருத்தித் துணி துவைத்த பவுடரைப் பிடித்து வைத்திருக்கும். ஜெட்டைத் திறந்ததும் நுரை பொங்கும். வெறும் தண்ணீரில் அலசிய, நூல் உதிராத துணியே சரி.

கலங்கினால்

ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் வையுங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டு வந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, மருந்து வேண்டாம். வெள்ளையாகவே நின்றால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டுப் பிழிந்து கலக்குங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு, பி.எச்.ஐ இறக்கினால் தொட்டியும் தெளியும். அதற்கும் தெளியாவிட்டால் அழுக்கு, அல்லது குளோரின் தீர்ந்துபோனது. வடிகட்டியைக் கழற்றி மடிப்பு மடிப்பாகத் தண்ணீர் பீச்சிக் கழுவி, குளோரினை 10க்கு ஏற்றி, மூடியைத் திறந்தபடி அரைமணி பம்பை ஓட விடுங்கள். மறுபடி 5க்குக் கீழே இறங்கும் வரை யாரும் உள்ளே போக வேண்டாம்.

மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறைவு என்றே அர்த்தம். வியர்வையோடு சேர்ந்து செயலிழந்த குளோரினின் வாடை அது.

தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது இயந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசு அரைக் கிலோமீட்டர் பறக்கும். அந்த நாட்களில் மூடியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. வடிகட்டியைத் தினமும் கழுவுங்கள். இரண்டு வடிகட்டி வைத்திருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்று வேலை செய்யும்.

மின்தடை வந்தால் பம்பு நிற்கும், வெதுவெதுப்பு மட்டும் போகாது. கிருமிக்கு அதைவிட நல்ல இடமில்லை. நீண்ட நேரம் மின்சாரம் இல்லாதிருந்தால் சோதனைப் பட்டையில் பார்க்காமல் இறங்காதீர்கள். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், பார்வைக்காக ஓடவிட்டிருந்த ஒரு சுழல்நீர்த் தொட்டியிலிருந்து கிளம்பிய திவலையில் லெஜியோனெல்லா கிருமி பரவி 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் தொட்டியில் இறங்கவில்லை, பக்கத்தில் நடந்து போனார்கள். ஆகவே ஒரு வாரம் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்தவுடன் ஜெட்டைப் போட்டுச் சுற்றி நிற்காதீர்கள். முதலில் குளோரின், பிறகு சுழற்சி, பிறகு ஆட்கள்.

மாற்றும் நாள், வடித்த தண்ணீர்

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? லிட்டர் கணக்கைத் தினசரி ஆட்களால் வகுத்து, மறுபடி 11ஆல் வகுங்கள். தினமும் இரண்டு பேர் இறங்கினால் 1200 லிட்டருக்கு 55 நாள் வரும். சனி, ஞாயிறு மட்டும் நாலு பேர் என்றால் மூன்று மாதம் தாங்கும். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

வடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே குளோரினை நிறுத்தி, மூடியைத் திறந்து வெயில் பட விடுங்கள். பட்டை பூஜ்யம் காட்டிய பிறகு தென்னைக்கு விடலாம். நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் வேண்டாம். ஏரிக்குப் போகும் ஓடையிலோ வாய்க்காலிலோ திறந்துவிடவே கூடாது, கீழே மாடு குடிக்கும். கோடையில் ஊர்க் கிணறுகள் அடி தொடும் மாதங்களில் தொட்டியை நிரப்பாமல் காயவைத்து மூடிவிடுங்கள். தேங்கிய இரண்டு அங்குலத் தண்ணீர்கூட டெங்கு கொசுவுக்குப் போதும்.

நீங்கள் சென்னையில் இருக்கும் நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்தான் தொட்டியையும் பார்க்கப் போகிறார். அவருக்குக் கையுறை, கண்ணாடி, சோதனைப் பட்டை, எழுதிய அளவுக் குறிப்பு, இந்த வேலைக்கென்று தனிச் சம்பளம் இத்தனையும் கொடுங்கள். மூடிக்குப் பூட்டுப் போட்டு ஒரு சாவியை அவரிடமும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். வேலி தாண்டிப் பந்து எடுக்க வரும் குழந்தைகள் எல்லா ஊரிலும் உண்டு. பூட்டு இல்லாத மூடியோடு தொட்டியை ஒரு இரவுகூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.